ஆணையிட அதிகாரமில்லாத அலுவலகம்

மண் அரிப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கரையுடைந்த ஓடைதான். மண் பாதுகாப்புப் பணியில் இருப்போர் அதைவிட அஞ்சுவது படல அரிப்பை, அதாவது மழைநீர் நிலப்பரப்பு முழுவதிலும் மேல்மண்ணை மெல்லிய படலமாக வாரிச் செல்வதை. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் கரைந்தால் 10 கனமீட்டர், எடையில் ஏறத்தாழ 13 டன் மண் போய்விடுகிறது. அடுத்த உழவுக்குப் பின் வயல் பழையபடியே தெரிவதால் உழவருக்கு இழப்பு உறைப்பதில்லை. அதை அவருக்குப் புலப்படுத்துவதே உள்ளூர் மண், நீர்ப் பாதுகாப்பு அமைப்பின் முதல் வேலை என்பேன்.

அமெரிக்காவில் இத்தகைய அமைப்புகள் 1930களின் புழுதிப் புயல்களை அடுத்துத் தோன்றின. மண்ணியல் அறிஞர் ஹியூ ஹாமண்ட் பென்னட் விடாமல் வாதாடியதன் பயனாக 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் தலைநகரத்து அலுவலர் சொல்வதை உழவர்கள் ஏற்பார்களா என்ற ஐயம் நீங்கவில்லை. ஆகவே 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட், உள்ளூர் மக்களே நடத்தும் பாதுகாப்பு வட்டாரங்களுக்கான மாதிரிச் சட்டத்தை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார். அவ்வாண்டே வட கரோலினாவில், பென்னட் பிறந்த ஆன்சன் பகுதியில், பிரவுன் கிரீக் என்னும் ஓடையின் பெயரால் முதல் வட்டாரம் அமைந்தது. இன்று அவை ஏறத்தாழ 3,000. பெரும்பாலானவை இப்போது நிர்வாக எல்லைகளையே தம் எல்லைகளாகக் கொண்டுள்ளன. எனக்கு இதில் உடன்பாடில்லை, நீர் சரிவைப் பார்த்து ஓடுமே தவிர வரைபடத்தைப் பார்த்து ஓடாது.

இவ்வமைப்புகள் பெரும்பாலும் கட்டாயப்படுத்துவதில்லை. நிலத்துக்காரர் அழைத்தால் பணியாளர் வருகிறார், மட்டக்கருவியால் சரிவை அளக்கிறார், மண்ணைத் தோண்டிப் பார்க்கிறார், அதன் பிறகே சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் போடும் சம உயர வரப்பா, வெற்று மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிரா, உழாமல் விதைப்பதா என்று பேசுகிறார். வரப்பு போடுவதைக் காட்டிலும் நுட்பமானது, மிகுநீர் வெளியேறும் வழியைத் தீர்மானிப்பது. போக்கிடம் இல்லாத வரப்பு பெருமழையில் உடையும். தேங்கிய நீரெல்லாம் ஒரே இடத்தில் பாய்வதால், வரப்பே இல்லாத நிலத்தைவிட ஆழமான பள்ளம் பறிக்கும். அதனால்தான் புல் வளர்த்த வடிகாலை முதலில் அமைத்து, புல் வேரூன்றிய பிறகே வரப்பு நீரை அதில் விடுகிறார்கள். இதற்கு ஒரு பருவம்கூட ஆகலாம். அவசரப்படும் உழவரிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்வது, வடிவமைப்பைவிடக் கடினம்.

செலவுப் பங்கீடும் இங்கேதான் பொருள்படுகிறது. மேட்டு நிலத்தில் வரப்பு போடுபவர் தம் பணத்தைப் போடுகிறார். வண்டல் சேராத குளமும் கலங்காத ஓடையும் கீழே இருப்பவருக்குக் கிடைக்கின்றன. பொதுப்பணத்திலிருந்து ஒரு பகுதியை மேட்டு நிலத்தாருக்குத் தருவதைச் சலுகை என்று சிலர் குறைகூறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டறிக்கைகள் எத்தனை மீட்டர் வரப்பு போடப்பட்டது என்று கணக்குக் காட்டினால் போதாது. எலி வளை பறித்தும் மாடு மிதித்தும் தாழ்ந்த வரப்பு எத்தனை, வண்டல் மேடிட்ட வடிகால் எத்தனை, அவற்றைச் சீரமைக்க நிலத்துக்காரருக்குப் பணம் ஒதுக்கப்பட்டதா என்பவையும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.