பெரியப்பாவின் வீச்சு வலை: ஐந்து மாதப் பாடு

பெரியப்பா தை மாதம் போய்ச் சேர்ந்தார். சித்திரையில் ஊருக்குப் போனபோது, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில், அவர் வீட்டுத் திண்ணை ஆணியில் அவருடைய வீச்சு வலை அப்படியே தொங்கியது. எலி கடித்து நடுவில் ஒரு கை நுழைகிற ஓட்டை. சரி, நாமே பொத்திப் பார்ப்போம் என்று எடுத்து வந்தேன்.

அவர் மீனவர் இல்லை. ரயில்வேயில் கேங்மேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டில் பார்த்தவர் யாரும் கிடையாது. "கச்சான் அடிச்சா வடகடல், வாடை அடிச்சா தென்கடல்" என்பார். கச்சான் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. வடக்கிலும் தெற்கிலும் கடல் இருப்பதால், எந்தக் காற்றிலும் மண்டபத்துக்கு ஏதாவது ஒரு பக்கம் அடங்கிக் கிடக்கும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்குச் சிகப்பு விழுந்துவிடும். "பாலத்துக்கு மெஷின் இருக்கு, எனக்குக் காது இருக்கு" என்று காது மடலைத் தொட்டுக் காட்டுவார். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

முதல் மாதம் முழுக்க முடிச்சிலேயே போனது. கரையில் வலை பொத்துகிற அண்ணன் ஒருவர் பக்கத்தில் உட்காரவிட்டார். அவர் முதலில் செய்தது, கத்தியால் ஓட்டையை இன்னும் பெரிதாக அறுத்தது! எனக்குப் பகீர் என்றது. பிய்ந்த நூலையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கி, மூன்று கால் (அறுபடாத நூல்) உள்ள முடிச்சில் தொடங்கி, மூன்று கால் உள்ள முடிச்சில்தான் முடிக்க வேண்டுமாம். இடையில் வருவதெல்லாம் இரண்டு கால். இது புரியாமல் நான் போட்ட முதல் ஒட்டு, இழுத்ததும் ஒரு பக்கம் சுருங்கிப் பை மாதிரி தொங்கியது. அறுத்தேன். மறுபடி போட்டேன்.

இரண்டாவது நன்றாகவே வந்தது. ஆனால் விரித்துப் பார்த்தால் நான் போட்ட கண்கள் (நூலுக்கு நடுவில் இருக்கிற கட்டங்கள்) எல்லாம் சின்னது. பெரியப்பா இரண்டு விரலை விட்டுத்தான் கண் அளப்பார். நானும் அதையே செய்தேன். தண்டவாளத்தில் சுத்தியல் பிடித்த விரலும் கீபோர்டு தட்டுகிற விரலும் ஒன்றா?

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் குஞ்சு மீன் போகட்டும் என்பதற்காகத்தான் அவர் அந்த அளவையே பிடித்துக்கொண்டிருந்தார். என் ஒட்டில் மட்டும் குஞ்சு மாட்டினால் அது அவர் வலையே இல்லை. பழைய கண் ஒன்றை அளந்து, அந்த அகலத்துக்கு மூங்கில் பட்டை சீவி, மூன்றாவது தடவை போட்டேன்.

வீசுவது வேறு கதை. கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டி, வலையில் ஒரு பங்கை முழங்கைமேல் போட்டு, ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சுழற்றி விட வேண்டும். (ஓரத்தில் கோத்திருக்கிற ஈயக் குண்டைக் கடிக்காதீர்கள். அவர் நூலைத்தான் கடிப்பார்.) பொட்டலில் பழைய சைக்கிள் டயரைப் போட்டு, அதைக் குறி வைத்துப் பழகினேன். ஒரு மாதம் மூட்டையாகத்தான் விழுந்தது. காய்ந்த வலை சிக்கும், நனைத்துவிட்டு வீசினால் விரியும் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. சின்ன வயதில் வலையை நனைத்துக் கொடுப்பதே என் வேலை. ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆவணியில், கச்சான் இருந்ததால் வடகடல் பக்கம், முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். பதினோரு வீச்சு. எட்டு மூட்டை, இரண்டு பிறை, ஒன்று மட்டும் வட்டம். அந்த ஒன்றில் நாலு மடவை, ஒரு கிழங்கான், இரண்டு நண்டு. நண்டை எடுப்பதற்குள் இரண்டு கண் அறுந்தது, அது தனி வருத்தம்.

மீனைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். மீனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வலையைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தடவிக்கொண்டு போனவர், சரியாக என் ஒட்டில் நின்றார்.

"இது ஒன் முடிச்சு. அவரு இன்னும் இறுக்குவாரு" என்றார். அப்புறம் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.