ஸ்கின்னர் குதிரைப்படையின் மஞ்சள்: 54 மி.மீ. உருவத்தில் செய்து பார்த்தது

மேசையில் இப்போது நிற்பது 54 மி.மீ. (1:32) உலோக உருவம். முழு அணிவகுப்பு உடையில், 1905 வாக்கில் இருந்த ஸ்கின்னர் குதிரைப்படை சவார் (குதிரை வீரர்). ஜேம்ஸ் ஸ்கின்னர் 1803இல் ஹான்சியில் (இன்றைய ஹரியானா) திரட்டிய படை; உடுப்பின் நிறத்தாலேயே 'எல்லோ பாய்ஸ்' என்று பெயர் வாங்கியது.

தூரிகையைத் தொடுமுன் ரெஜிமெண்டின் வரிசை எண் எது என்று சரிபார்க்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு இணைக்கப்படும் வரை ஸ்கின்னர் பெயரில் இரண்டு ரெஜிமெண்டுகள் இருந்தன. 1வதுக்கு மஞ்சள் உடுப்பு, கறுப்பு வெல்வெட் முகப்பு (கழுத்துப்பட்டை, கைவிளிம்பு ஆகியவற்றின் மாற்று நிறத் துணி). 3வதுக்கு மண்ணிறம், நீல முகப்பு. இதைக் குழப்பிக்கொண்டால் முழு வேலையும் வீண்.

கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) மேல் மஞ்சள் பூசினால் பச்சையடிக்கும். வெளிர்சாம்பல் பிரைமர், அதன்மேல் காவிமஞ்சள் ஒரு கோட். பிறகு நடு மஞ்சள், பெயிண்டும் தண்ணீரும் சரிபாதி, மூன்று கோட், இடையில் 20 நிமிடம் காயவிட வேண்டும். இரண்டாவது கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அவசரப்பட்டுக் கெட்டியாக அப்பினால் குர்தாவின் மடிப்புகள் அடைபட்டுவிடும். நிழலுக்குக் கறுப்பு கலக்கவே கூடாது, பாசி நிறமாகும். காவிமஞ்சளோடு செம்பழுப்பு, ஆழமான மடிப்பில் துளி ஊதா. மடிப்பின் மேட்டுக்கு யானைத்தந்த நிறம் கலந்த மஞ்சள். வெறும் வெள்ளை சுண்ணாம்பு பூசியதுபோல் நிற்கும்.

கறுப்பு முகப்பு கடைசியில்தான். மஞ்சளில் கறுப்பு வழிந்தால் மறுபடி மூன்று கோட்!

வார்ப்போடு வரும் ஈட்டி வளையும், வெட்டி எறியலாம். நிஜ ஈட்டி சுமார் 9 அடி, கல்மூங்கில். இந்த அளவில் 86 மி.மீ. நீளம், 1 மி.மீ. எஃகுக் கம்பி. கணுக்களுக்குக் கெட்டிப் பெயிண்டில் சொட்டுகள், இடைவெளி ஒரே சீராக இல்லாமல். கொடி மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வெள்ளைப் பசையில் ஊறிய மெல்லிய காகிதத்தைக் கம்பியில் மடித்து ஒட்டி, ஈரத்திலேயே அலை கொடுக்க வேண்டும். காய்ந்தபின் வளைத்தால் விரிசல்தான்.

இந்தப் படை சிலேதார் முறையில் இயங்கியது; அதில் குதிரை சவாருடைய சொந்தம். அரசு தந்தது துப்பாக்கியும் தோட்டாவும். ஆகவே ஐந்தாறு உருவங்கள் சேர்த்துத் தீட்டுவோர் குதிரைகளின் பழுப்பைக் கொஞ்சம் மாற்றுவதே பொருத்தம்.

அடுத்தது மதராஸ் குதிரைப்படையின் வழிவந்த 26வது ரெஜிமெண்ட்: நீலம் கலந்த சாம்பல் உடுப்பு, வெளிர்மஞ்சள் முகப்பு. பிரைமர் காய்கிறது.