அம்மாவின் நேர்த்தியும் வால்சிங்ஹாம் கல்தொட்டியும்

போன மாசியில் அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடந்தபோது ஃபாதர் வந்து அவஸ்தை பூசுதல், அதாவது கடும் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் திருவருட்சாதனம், கொடுத்தார். அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, அம்மாவைத் தந்துவிடு, வால்சிங்ஹாமுக்கு வந்து வெறுங்காலோடு நடக்கிறேன்" என்று நேர்ந்தேன். வால்சிங்ஹாம் இங்கிலாந்தில் நோர்ஃபோக்கில் உள்ள மாதா திருத்தலம். ஒன்பதாம் நாள் அம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் நேர்த்தியைச் சொன்னேன். "நீ மட்டும் ஏன் நடக்கிறாய்? உயிர் வந்தது எனக்கல்லோ. நானும் நடப்பன்" என்றார்.

ஜூலையில் தமிழர் யாத்திரை வந்தது. லண்டனில் இருந்து நோர்ஃபோக் மூன்று மணி நேரம். பஸ் ஏற்பாடு செய்தவர் சொன்ன காசைவிட ஆளுக்கு ஐந்து பவுண்ஸ் கூட வாங்கினார், ஒரு மணி நேரம் பிந்தியும் வந்தார். போய்ச் சேர்ந்தால் கார் நிறுத்த இடமில்லாமல் ரோட்டில் நீண்ட வரிசை. ஆயிரக்கணக்கில் நம் சனம். வால்சிங்ஹாமுக்கு ஒரு மைல் முன்னே நிற்கிற ஸ்லிப்பர் சாப்பல் என்ற அந்தச் சின்ன மாதா கோயிலுக்குள் நுழைய முக்கால் மணி நேரம் நின்றோம். மெழுகுதிரியோடு இடித்துத் தள்ளுகிறவர்களும், மாதாவுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கிறவர்களும் அங்கேயும் இருந்தார்கள். அம்மாவின் தோளில் ஒருவருடைய பை இடித்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா செபமாலையை விடவே இல்லை. உள்ளே மடியில் பாலனை வைத்துக்கொண்டு மாதா அரியணையில் இருக்கிறார். அம்மா நிமிர்ந்து பார்த்து "வந்திட்டன்" என்றார். அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் தள்ள, வெளியே வந்துவிட்டோம்.

அந்தக் கோயில் 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1061இல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா காட்சி கொடுத்து, நாசரேத்து வீட்டைப் போல ஒரு வீடு கட்டச் சொன்ன இடம் வால்சிங்ஹாம். அங்கே போகிறவர்கள் இந்தக் கோயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசி ஒரு மைலை வெறுங்காலோடு நடப்பார்களாம். எட்டாம் ஹென்றி மன்னரே அப்படி நடந்தவர். அவர் ஆட்சியிலேயே 1538இல் மாதாவின் திருத்தலத்தை இடித்து, சொரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். ஸ்லிப்பர் சாப்பல் மாட்டுக்கொட்டிலாகக்கூட இருந்து, பிறகுதான் மீண்டும் கோயிலானது. இதை அம்மாவுக்குச் சொன்னேன். "எங்கட மடு மாதாவும் டச்சுக்காரருக்குப் பயந்து மாந்தையில இருந்து காட்டுக்குள்ள வந்தவ தானே" என்றார், இலங்கையில் உள்ள மடுத் திருத்தலத்து மாதாவை நினைத்து. அதன் பிறகு எனக்கு விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

திருப்பலி முடிந்து நடந்தோம். தார் ரோடு வெயிலில் கொதித்தது. ஓரத்துப் புல்லில் நடப்போம் என்றால் அங்கே முள்ளும் சிறுகல்லும். பாதி வழியில் அம்மாவின் இடது பாதத்தில் கல் குத்தி இரத்தம் வந்தது. செருப்பைப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. என் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஊருக்குள் வந்ததும் நிழல் தேடித்தான் அந்தப் பங்குக்கோயிலுக்குள் போனோம். தூய மரியாள், சகல புனிதர்கள் பெயரில் உள்ள பழைய கோயில். சுவரெல்லாம் சக்கிமுக்கிக் கல், மேலே ஊசிக் கோபுரம். உள்ளே குளிர்ச்சி, அமைதி. வெளியில் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் பழசாக இருக்கிற ஊரில், உள்ளே எல்லாம் வெளிச்சமாகப் புதிதாக இருந்தது எனக்கு விளங்கவில்லை. அப்புறம் தெரிந்தது, 1961இல் தீப்பிடித்து உள்ளே எல்லாம் எரிந்துபோயிற்று. 1964இல் மறுபடி கட்டி முடித்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னே இருக்கும் வண்ணக் கண்ணாடியும் அப்போது வைத்ததுதான். கோபுரம் தப்பியது. ஞானஸ்நானத் தொட்டியும் தப்பியது.

படிகளுக்கு மேல் நிற்கிறது அந்தக் கல்தொட்டி, எட்டுப் பக்கம். 15ஆம் நூற்றாண்டு வேலை. ஏழு பக்கத்தில் ஏழு திருவருட்சாதனங்கள், ஞானஸ்நானம் முதல் அவஸ்தை பூசுதல் வரை திருச்சபை தரும் அருள் சடங்குகள், எட்டாவதில் ஆண்டவர் சிலுவையில். இப்படிப்பட்ட தொட்டிகள் நாற்பதளவில்தான் இருக்கின்றன. அவற்றில் அநேகமானவை நோர்ஃபோக்கிலும் பக்கத்து சஃபோக்கிலும்தான். எழுத்துத் தெரியாத சனம் ஞானோபதேசம், அதாவது வேதபாடம், படித்த புத்தகம் அது. இன்று அது ஆங்கிலிக்கன் கோயில். ஆனால் அந்தக் கல்லைச் செதுக்கிய காலத்தில் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர் என்ற பிரிவு ஒன்றும் இல்லை, எங்கள் ஞானோபதேசத்தில் உள்ள அதே ஏழும் அப்படியே இருக்கின்றன.

அம்மா என் தோளைப் பிடித்து மெல்லச் சுற்றி வந்தார். ஞானஸ்நானம், நற்கருணை, திருமணம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி, பக்கத்தில் குருவானவர். விரலைக் கல்லின் ஓரத்தில் வைத்தார், அழுத்தவில்லை. "தம்பி, இது நான்" என்றார்.

அதன் பிறகு நான் என்ன பார்த்தேன் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. மாசியில் அடக்கி வைத்த அழுகை அங்கே வந்தது. யாரோ ஒரு கல்தச்சன், எந்த ஊர்க்காரனோ, ஐந்நூறு வருடத்துக்கு மேலாயிற்று, என் அம்மாவின் கட்டிலைச் செதுக்கி வைத்திருக்கிறான். தீயும் அதைத் தொடவில்லை. காசு கூட வாங்கியவர், இடித்தவர்கள், வெயில் எல்லாம் மறந்தே போயிற்று. இருவரும் படியில் உட்கார்ந்து செபமாலையில் ஒரு பத்து மணிகள் சொன்னோம். அம்மாவின் காலில் கைக்குட்டை சிவந்திருந்தது, முகம் சிரித்திருந்தது.

மாதாவே, நீர் தந்த உயிர். ஆஸ்பத்திரியில் என் மன்றாட்டைக் கேட்டீர், நன்றி. தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் நன்றி. வருகிற ஜூலையிலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன், அவர் நடப்பேன் என்றால் நடக்கட்டும், ஏலாது என்றால் நான் தள்ளுநாற்காலியில் கொண்டுவருவேன்.