பக்கத்தின் கடைசிப் பாட்டு

அப்பா சேர்த்துவைத்த எல்பி இசைத்தட்டுகளில் எதைப் போட்டாலும் ஒரே குறை. முதல் பாட்டு கணீரென்று இருக்கும். பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு வரும்போது, பி. சுசீலா குரலில் 'ச' வருகிற இடமெல்லாம் 'ஷ்ஷ்' என்று சீறும். தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக வாங்கிய தட்டிலும் அதே சீறல் வந்தபோதுதான், ஊசியைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜ் மேல் சந்தேகம் வந்தது. கடையில் பொருத்திக் கொடுத்தபடியே ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

தட்டைச் செதுக்கும் ஊசி நேர்கோட்டில் நகர்கிறது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான நம் டோன் ஆர்மோ ஓரிடத்தில் ஊன்றி, வளைந்து வருகிறது. அதனால் ஊசி பள்ளத்தோடு நேராக நிற்பது இரண்டே இடங்களில்தான்; பேர்வால்ட் என்பவர் வகுத்த கணக்குப்படி மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டரில். உள்வட்டத்தில் ஒரு விநாடி இசை குறைவான நீளத்துக்குள் நெருக்கிக் கிடக்கிறது. கோணம் பிசகினால் முதலில் அங்கேதான் கேட்கும்.

இந்த இரண்டு புள்ளிகளையும் கட்டம் போட்டுக் காட்டும் புரோட்ராக்டர் படத்தை அச்செடுத்து வந்து அளந்து பார்த்தால், 66 இருக்க வேண்டிய இடத்தில் 64! தாளுக்குள் அடங்குவதற்காகப் பிரிண்டர் சுருக்கிவிட்டது. 100 சதவீத அளவில் மறுபடி எடுத்தேன்.

டோன் ஆர்ம் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் ஹெட்ஷெல்லின் இரண்டு திருகுகளையும் லேசாகத் தளர்த்தி, உள்புள்ளியில் ஊசியை இறக்கி, கட்டத்துக்கு நேராகத் திருப்பினேன். வெளிப்புள்ளியில் வைத்தால் கோணல். அதைச் சரிசெய்தால் உள்ளே கோணல். ஒரு மணி நேரம் இப்படியே போனது. அப்புறம்தான் புரிந்தது: ஒரு புள்ளியில் நேராகி மற்றதில் விலகினால், திருப்பிப் பயனில்லை, கார்ட்ரிட்ஜை முன்னோ பின்னோ தள்ள வேண்டும். எனக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் முன்னால் போக வேண்டியிருந்தது.

இன்னொன்று. நான் கார்ட்ரிட்ஜின் பெட்டியைத்தான் கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஊசியைத் தாங்கும் மெல்லிய கேன்டிலீவர் பெட்டிக்குச் சற்றே சாய்ந்து நின்றது. கோட்டோடு சேர வேண்டியது அதுதான். திருகுகளை மாற்றி மாற்றி, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுசாக இறுக்கினால் அத்தனை உழைப்பும் நகர்ந்துவிடும். கார்ட்ரிட்ஜ் இடம் மாறினால், ஊசி தட்டை அழுத்தும் எடையும் மாறும். என் ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு மறுபடி 2 கிராம் வைத்தேன்.

சரி என்று அதே கடைசிப் பாட்டைப் போட்டேன். 'ச' 'ச'வாகவே வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "புதுத் தட்டா?" என்றார்கள்.