பெருவிரல்

17 ஜனவரி 2018, புதன்
ஆதார் சட்டம் செல்லுமா என்ற வழக்கின் இறுதி விசாரணை உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன் இன்று தொடங்கியிருக்கிறது. ஆதார் எண்ணை இணைக்கச் சொல்லிக் கைப்பேசி நிறுவனத்திலிருந்து இன்று மட்டும் மூன்று குறுஞ்செய்திகள். நான் இணைக்கப் போவதில்லை.

5 பிப்ரவரி, திங்கள்
முதியோர் உதவித்தொகை ஆயிரம் ரூபாயை வாங்க அம்மாவை அழைத்துச் சென்றேன். நாற்பது ஆண்டுகள் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிய பெருவிரலின் நுனி, தேய்ந்த சோப்புத் துண்டைப் போல வழுவழுவென்று இருக்கிறது. "ஆச்சி, நல்லாத் துடைச்சிட்டு வைங்க" என்று கைரேகைக் கருவியோடு இருந்த பையன் பொறுமையாகவே சொன்னான். சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து ஏழு முறை வைத்தும் கருவி ஏற்கவில்லை. "கையெழுத்துப் போடுதேன்யா" என்றாள். அதற்கு அந்தக் கருவியில் இடமில்லை.

6 பிப்ரவரி
தூக்கம் வரவில்லை. கைநாட்டு என்று ஊர் ஏசியதைப் பொறுக்காமல், தொண்ணூறுகளில் அரசின் அறிவொளி எழுத்தறிவு வகுப்புக்குப் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தன் பெயரை எழுதக் கற்றவள் அவள். அதன் பிறகு எந்தத் தாளிலும் மை தொட்டுப் பெருவிரலை வைத்ததில்லை. கைநாட்டிலிருந்து விடுவித்த அதே அரசாங்கம் இப்போது அதைத்தான் திருப்பிக் கேட்கிறது.

13 மார்ச்
வங்கிக் கணக்கையும் கைப்பேசியையும் இணைப்பதற்கான மார்ச் 31 கெடு, தீர்ப்பு வரும்வரை தள்ளிவைக்கப்பட்டுள்ளது. மானியங்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. ஆக, எனக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது, அம்மாவுக்கு இல்லை. என் பிடிவாதத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்பது என் மாதச் சம்பளம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

21 மார்ச்
தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் கொண்ட சுவருக்குள் பத்திரமாக இருப்பதாக அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கூறியிருக்கிறார். மாலையில் கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளைத் திருப்பினேன்: யாரோ ஒரு பெண்ணின் ஆதார் நகல். முகத்தின் மேல் எண்ணெய் ஊறியிருந்தது. பன்னிரண்டு இலக்கங்களும் தெளிவாகத் தெரிந்தன.

10 மே
38 நாள் விசாரணை முடிந்தது. தீர்ப்பு ஒத்திவைப்பு.

26 செப்டம்பர், புதன்
நான்குக்கு ஒன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சென்ற ஆண்டு ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னபோது தெருவுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். இன்று வங்கிக்கும் கைப்பேசிக்கும் ஆதார் கட்டாயமில்லை. வருமான வரிக்கும், அரசின் நலத்திட்டங்களுக்கும் கட்டாயம். முழுச் சட்டமும் செல்லாது என்று எழுதிய நீதிபதி சந்திரசூட்டின் மறுப்புத் தீர்ப்பைத்தான் இரவு வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். குறுஞ்செய்திகள் இனி வராது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் வாழ்த்தினார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

5 அக்டோபர்
நாளை உதவித்தொகை நாள். அம்மா காலையிலிருந்து பெருவிரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். அது ரேகையை வளர்க்கும் என்று யாரோ சொன்னார்களாம்.