விடியுமுன் எடுத்த தண்ணீர்

"ஆக்சிஜன் நிறைவாக உள்ளது" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு ஏரியில், ஒன்பதாவது நாள் மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீர்ப் பரிசோதனை வேலைக்கு நான் வந்த இரண்டாவது வருஷம் அது. இப்போது 19 வருஷம் ஆகிறது. அந்த அறிக்கையின் நகல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நான் போனது பகல் 1 மணிக்கு. நல்ல வெயில். மீட்டரைத் தண்ணீரில் இறக்கினால் லிட்டருக்கு 13 மில்லிகிராம் காட்டியது. 30 டிகிரி வெப்பத்தில் சாதாரணத் தண்ணீர் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், சந்தேகப்படவில்லை. தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்கக் கறுப்பும் வெள்ளையுமான ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அது 25 சென்டிமீட்டரிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டது, தண்ணீரில் அவ்வளவு பாசி. அதையும் குறித்துக்கொண்டேன். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பகலில் பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜனை வெளியே விடும். பொழுது சாய்ந்ததும் அந்த வேலை நின்றுவிடும், ஆனால் மூச்சு விடுவது நிற்காது. ராத்திரி முழுக்க அத்தனை பாசியும், அதோடு மீன்களும் பாக்டீரியாவும், பகலில் சேர்ந்த ஆக்சிஜனையே எடுத்துத் தீர்க்கும். கணக்கு முடிகிற நேரம் விடிவதற்குச் சற்று முன்னால். அந்த ஏரியில் மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடியிருந்தது. பகல் வரவு இல்லை, ராத்திரிச் செலவு மட்டும் அப்படியே. முதலில் போனது பெரிய மீன்கள்தான். ஆக்சிஜன் குறையும்போது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

அதற்குப் பிறகு நான் அதிகாலை நாலரைக்குப் போக ஆரம்பித்தேன். டார்ச் வெளிச்சத்தில் மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, தண்ணீரின் மேல்தோலை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். காற்று படுகிற அந்த மெல்லிய அடுக்கில்தான் அவற்றுக்கு மிச்சம் கிடைக்கிறது. அந்தச் சத்தம் மிகச் சின்னது, 'ப்ச் ப்ச்' என்று ஏரி பூராவும் கேட்கும். ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது.

மீட்டரை நம்பாமல் சீசாவிலும் பிடித்துப் பார்ப்பேன். 300 மில்லி கண்ணாடிச் சீசா, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் வழிய வழிய நிரப்ப வேண்டும். மாங்கனீஸ் சல்பேட் ஒரு அளவு, காரமும் அயோடைடும் கலந்த கரைசல் ஒரு அளவு. மூடித் தலைகீழாகத் திருப்பினால் உள்ளே புகை மாதிரி வீழ்படிவு சுருண்டு இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பு. எவ்வளவு அடர்ந்த பழுப்போ அவ்வளவு நல்லது. ஒரு விடியற்காலை ஏரியின் அடித்தண்ணீரில் பிடித்த சீசாவில் அது வெள்ளையாகவே இறங்கியது. பால் திரிந்தது போல் அப்படியே அடியில் படிந்தது. ஆக்சிஜன் துளிகூட இல்லை என்றால்தான் அந்த வெள்ளை வரும். பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன், கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான். சீசாவைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

பசுமையாக இருக்கிறது, செழிப்பாக இருக்கிறது என்று ஏரியைப் பார்த்துச் சொல்கிறவர்களிடம் எனக்கு இப்போது பொறுமை குறைந்துவிட்டது. தண்ணீர் பச்சைப் பெயின்ட் போலத் திரண்டிருந்தால், அதற்கு யாரோ தேவைக்கு மேல் தீனி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நிலத்திலிருந்து வழிந்த உரம், சுத்திகரிக்காத சாக்கடை, மாட்டுக் கொட்டகைக் கழிவு, பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் எல்லாம் சேர்ந்து போடுகிற தீனி அது.

எவ்வளவு போட்டால் கெடும்? ஒரு 50 கிலோ டிஏபி உர மூட்டையில் பாசிக்குத் தீனியாகிற பாஸ்பரஸ் மட்டும் கிட்டத்தட்ட 10 கிலோ. லிட்டருக்கு 0.03 மில்லிகிராமைத் தாண்டினாலே ஒரு ஏரி பாசி பிடிக்கிற நிலைக்கு நகர ஆரம்பித்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். வகுத்துப் பாருங்கள். ஒரே மூட்டையின் பாஸ்பரஸ் 33 கோடி லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகப் போதும். போட்ட உரம் அத்தனையும் ஏரிக்கு வந்துவிடுவதில்லை, உண்மைதான். ஆனால் உரம் போட்ட மறுநாளே கனமழை பெய்தால் அதில் கொஞ்சமாவது வந்து சேரும், இந்தக் கணக்குக்கு அந்தக் கொஞ்சமே அதிகம்.

பாஸ்பரஸ்தான் சாவி என்பதைக் கண்ணுக்குக் காட்டியது கனடாவில் 1973இல் நடந்த ஒரு சோதனை. 226 என்று எண்ணிட்ட ஒரு ஏரியின் இடுப்பு போன்ற குறுகிய பகுதியில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அதோடு பாஸ்பரஸும். டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் வானிலிருந்து எடுத்த படத்தில் திரைக்கு இந்தப் பக்கம் கருநீலம், அந்தப் பக்கம் பச்சை. நைட்ரஜன் பற்றாக்குறை வந்தாலும் நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸை அப்படி எடுக்க முடியாது. கடலோரத்தில் கதை வேறு, அங்கே நைட்ரஜனுக்குத்தான் பெரும்பங்கு. மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையும் ஆக்சிஜன் வற்றிய பரப்பு உருவாகிறது. 2017இல் அது 22,700 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது.

குடிநீருக்கும் இது வரும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஈரி ஏரியில் படர்ந்த பாசியின் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு தண்ணீரில் கலந்திருந்தது. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

அப்புறம், மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட். ஏரியில் பாசி என்றதும் யாராவது ஒருவர் அதைக் கொட்டலாம் என்பார். தயவுசெய்து வேண்டாம். பாசி முழுவதும் ஒரே நேரத்தில் செத்து அழுகும், அழுகும்போது மிச்சமுள்ள ஆக்சிஜனும் போய்விடும். செத்த பாசி உடைந்து உள்ளிருக்கும் நஞ்சையும் வெளியே விடும். தின்ற பாஸ்பரஸ் எங்கேயும் போகாது, சேற்றில் போய் உட்காரும்.

அந்தச் சேறுதான் என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது. பாஸ்பரஸ் அங்கே இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் அந்தப் பிடி விட்டு மறுபடி தண்ணீருக்கு வந்துவிடும். சியாட்டில் பக்கத்து வாஷிங்டன் ஏரிக்கு வந்த கழிவுநீரை 1963 முதல் 1968க்குள் திருப்பிவிட்டார்கள். சில வருஷத்திலேயே தெளிய ஆரம்பித்தது. ஆழமான ஏரி அது, தண்ணீரும் மாறிக்கொண்டே இருந்தது. ஆழமில்லாத ஏரிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெளியிலிருந்து வருவதை முழுக்க நிறுத்தினாலும் சேற்றிலிருந்து வருவது பல வருஷம் நிற்காது.

மீன் செத்த அந்த ஏரிக்குச் சாக்கடை வருவது நின்று ஆறு வருஷம் ஆகிறது. மேட்டு நிலத்துக்காரர்கள் மண் பரிசோதனை செய்து உரத்தைக் குறைத்திருக்கிறார்கள், கரையோரம் பத்தடி அகலத்துக்குப் புல் விட்டிருக்கிறார்கள். போன மாதம் தட்டு 60 சென்டிமீட்டர் வரை தெரிந்தது. விடியற்காலை மேல்தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 3.8 மில்லிகிராம். அடித்தண்ணீர்ச் சீசாவில் வீழ்படிவு வெளிறிய பழுப்பாக வந்தது, வெள்ளை இல்லை. மாதிரி எடுத்த நேரத்தை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினேன்: காலை 4.40. மேகம் மூடிய மூன்று நாளுக்குப் பிறகு இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் சொல்வேன்.