அம்மாவின் கால் எரிச்சலும் மூன்று மாத்திரைகளும்

அம்மாவுக்குச் சுகர் வந்து இருபது வருடம், கால் எரிச்சல் வந்து நாலு வருடம். பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி படுத்ததும் ஆரம்பிக்கும். பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்குடா என்பார், போர்வை பட்டால்கூடத் தாங்காமல் எழுந்து போய்க் குளியலறையின் ஈரத் தரையில் நிற்பார். மரத்துப்போன காலில் வலி எப்படி வரும் என்று நானே ஒரு முறை கேட்டிருக்கிறேன். முட்டாள்தனமான கேள்வி. சுகரால் கெட்டுப்போன நரம்பு, தொட்டால் சொல்லாது, தொடாதபோது கத்தும்.

முதலில் கொடுத்தது ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை. தூக்கம் வந்தது, கூடவே தலைசுற்றலும் கால் வீக்கமும் வந்தன. ஒரு ராத்திரி சுவரில் மோதிக்கொண்ட பிறகு, யாரிடமும் சொல்லாமல் அவராகவே நிறுத்திவிட்டார் (இதைச் செய்யவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்). அடுத்தது அமிட்ரிப்டிலின். மருந்துக்கடைப் பையன் "இது டிப்ரஷனுக்குத் தர்றதாச்சே" என்று சொல்லிவைக்க, அம்மா வீட்டுக்கு வந்து "எனக்கென்ன பைத்தியமா?" என்று ஒரு வாரம் அதைத் தொடவில்லை. அமிட்ரிப்டிலின், இதே வலிக்குத் தருகிற மூன்றாவது மாத்திரையான டுலாக்ஸெடின் இரண்டுமே மனச்சோர்வு மருந்தாக வந்தவைதான். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்குகிற பாதைக்கு அவை பலம் கொடுக்கின்றன, அதனால்தான் இங்கேயும் எழுதுகிறார்கள். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

சரி, மூன்றில் எதுதான் நல்லது? தேடியபோது கிடைத்தது ஆப்ஷன்-டிஎம் என்ற பிரிட்டன் ஆய்வு. ஷெஃபீல்டின் சாலமன் டெஸ்ஃபாயே தலைமையில் நடந்து 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 130 பேர். ஆறு வாரம் ஒரே மாத்திரை, வலி அடங்காவிட்டால் இன்னொன்றையும் சேர்ப்பது, இப்படி ஒரு வழிக்கு 16 வாரம். மூன்று வழிகள்: அமிட்ரிப்டிலினில் தொடங்கி ப்ரீகாபலின் சேர்ப்பது, அதையே திருப்பிப் போடுவது, டுலாக்ஸெடினோடு ப்ரீகாபலின் சேர்ப்பது. ஒரே ஆளுக்கே மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. பத்துக்கு 6.6 ஆக இருந்த சராசரி வலி, மூன்று வழியிலும் 3.3-க்கு வந்தது. ஜெயித்தது யாருமில்லை!

பக்க விளைவில்தான் வித்தியாசம். ப்ரீகாபலினில் தொடங்கியவர்களுக்குத் தலைசுற்றல் அதிகம், டுலாக்ஸெடினில் குமட்டல், அமிட்ரிப்டிலினில் வாய் உலர்வு. ஆக, எது பலமான மாத்திரை என்று கேட்டதே தப்பு, இந்த உடம்பு எதைத் தாங்கும் என்று கேட்டிருக்க வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறோ, கண் அழுத்தமோ, புரோஸ்டேட் தொந்தரவோ இருந்தால் அமிட்ரிப்டிலின் ஆபத்து. கல்லீரல் கெட்டிருந்தால் டுலாக்ஸெடின் வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ப்ரீகாபலின் அளவைக் குறைக்க வேண்டும், சுகர்காரர்களில் இது எத்தனை பேருக்கு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் எந்த மாத்திரையும் நரம்பைச் சரிசெய்யாது என்பதையும் யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் வைட்டமின் பி12. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டால் அது குறையலாம், குறைந்தாலே கால் மரத்துப்போகும். அம்மாவுக்கு அதை யாரும் பார்க்கவே இல்லை, நாங்கள் கேட்டுத்தான் எடுத்தார்கள், குறைவாகத்தான் இருந்தது.

இப்போதைய டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டு அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராமில் தொடங்கி 25-க்கு ஏற்றினார், ஆறு வாரம் பொறுத்து ப்ரீகாபலினைச் சின்ன அளவில் சேர்த்தார். எரிச்சல் முழுசாகப் போகவில்லை. எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நாலு என்கிறார். வாய் காய்கிறது என்று தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, நடுராத்திரியில் அதைத் தட்டிவிட்டு, என்னைத்தான் திட்டுகிறார். போர்வை மட்டும் கால் வரைக்கும் இருக்கிறது.